ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்குப் பூட்டு எதற்கு?

வாசகர் ஒருவர் கேட்டது, 2025 ஜூலை 5

"வட்ஸ்அப்புக்குள் யார் என்ன கதைத்தாலும் பொலிஸுக்குத் தெரியாது என்பதை ஏன் ஏதோ பெரிய உரிமை மாதிரிப் பேசுகிறீர்கள்? ஐஸ் போதைப்பொருள் விற்கிறவனும் அதற்குள், சின்னப் பிள்ளைகளின் படம் மாற்றிக்கொள்கிறவனும் அதற்குள். நீதிமன்றம் கட்டளை போட்டால் கம்பனி திறந்து காட்டவேண்டும் என்று இங்கேயும் சட்டம் வரட்டும். ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்குப் பூட்டு எதற்கு?"

2025 ஜூலை 6, ஞாயிறு

நான் சட்டம் படித்தவன் இல்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, பிரிண்ட், ரீலோட், லெமினேட், படிவம் நிரப்புதல். இந்தப் பக்கத்தில் இருக்கிற பாதிப் பேரின் அடையாள அட்டையும் காணி உறுதியும் இரத்தப் பரிசோதனை முடிவும் விவாகரத்து வழக்குக் கடதாசியும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் என் மெஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழும்பும். ஒளிக்க ஒன்றும் இல்லாத ஆளை இத்தனை வருசத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

மாதம் ஒரு தடவை ஓர் அக்கா வருவார். மருத்துவ அறிக்கையை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டுதான் நீட்டுவார். "பார்க்காமல் அடியுங்கோ தம்பி." பார்க்காமல் எப்படி நேராக வைப்பது? மூலையை மட்டும் பார்த்து வைப்பேன். அவர் ஐஸ் விற்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2016 ஏப்ரலிலிருந்து வட்ஸ்அப்பில் போகிற செய்திகளுக்குத் திறப்பு (சாவி) இரண்டு போன்களுக்குள் மட்டும்தான் இருக்கிறது. நடுவில் கம்பனியின் கணினியைக் கடக்கும்போது அது வெறும் குழம்பிய எழுத்து. நீதவான் கட்டளை போட்டாலும் கொடுப்பதற்கு அவர்களிடம் திறப்பு இல்லை. "அப்படியென்றால் ஒரு திறப்புச் செய்" என்று சட்டம் சொன்னால், அந்தத் திறப்பு ஐஸ் வியாபாரியின் பூட்டுக்கு மட்டும் பொருந்தாது. எல்லா வீட்டுக்கும் பொருந்தும். யார் சட்டைப் பையில் அதை வைப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி.

2025 ஜூலை 7

நேற்று எழுதியதில் ஓட்டை. ஒருவர் சரியாகப் பிடித்தார். என்ன எழுதினீர்கள் என்பது பூட்டுக்குள். யார், யாரோடு, எப்போது என்பது பூட்டுக்கு வெளியே. அதோடு, உங்கள் பழைய செய்திகளைக் கூகுள் ட்ரைவில் சேமிக்கும் வசதியை அப்படியே விட்டிருந்தால் அந்தப் பிரதிக்கு இதே பூட்டு இல்லை. 2021இலிருந்து அதற்கும் பூட்டுப் போடலாம், ஆனால் நீங்களாகத்தான் போய்ப் போடவேண்டும். கடைக்கு வருகிறவர்களில் போட்டவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தேன். கேட்ட பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்து என் போனில் போட்டேன்.

2025 ஜூலை 9

மதுரையிலிருந்து வாசிக்கும் ஒருவர், "எங்கள் ஊரில் கோர்ட்டே உத்தரவு போட்டாயிற்று, ஒன்றும் இடிந்து விழவில்லையே" என்கிறார். உத்தரவு இல்லை ஐயா. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018இல் வந்த வழக்கு, சமூக வலைக் கணக்கோடு ஆதாரைக் கட்டவேண்டும் என்று தொடங்கியது. போகப்போக, ஒரு செய்தியை முதலில் எழுதியவனைக் கண்டுபிடிக்க முடியுமா என்று திரும்பிவிட்டது. சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி 2019இல், முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு ஒட்டி அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் அது சரிவராது என்று பதில் எழுதினார். தமிழ்ப் பேராசிரியரும் மலையாளப் பேராசிரியரும் மோதிக்கொண்டார்கள் என்று நான் எழுதப் போய், இவருடைய ஊர் எது என்று எனக்கென்ன தெரியும் என்று அழித்துவிட்டேன்.

அந்த யோசனைக்குக் கிட்டத்தட்ட ஒப்பான கடமை 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் வந்தது. வட்ஸ்அப் அந்த மே மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் அவர்களின் சட்டத்தரணி, பூட்டை உடைக்கச் சொன்னால் வட்ஸ்அப் போய்விடும் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். இடிந்து விழவில்லைதான். இன்னும் இழுபடுகிறது.

2025 ஜூலை 10, போயா (பௌர்ணமி விடுமுறை)

கடை பூட்டு. யோசிக்க நேரம் கிடைத்தது.

சின்னப் பிள்ளைகளின் படம் பற்றிய கேள்வியை முதல் நாள் நான் தட்டிக் கழித்துவிட்டேன். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதம் ஒரு சட்ட முன்மொழிவு வைத்தார்கள்: பூட்டுப் போட முதலே போனுக்குள் படத்தைச் சோதிப்பது என்ற யோசனை அதைச் சுற்றித்தான் சண்டையாக நடக்கிறது. கேட்கும்போது நியாயம். ஆனால் சோதிக்கிற கருவி போனுக்குள் ஏறிய பிறகு, இன்றைக்குத் தேடுகிற பட்டியலில் நாளைக்கு எதைச் சேர்ப்பார்கள் என்பது பட்டியல் வைத்திருப்பவரின் விருப்பம். கொழும்பில் இருந்துகொண்டு அந்தப் பட்டியலை என்னால் சும்மா நினைக்க முடியவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

2025 ஜூலை 12

முதலில் ஒரு சொல் விளக்கம், மதுரைக்காரர் மறுபடி குழம்பாமல் இருக்க. இங்கே உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் ஆகப் பெரிய நீதிமன்றம். நீங்கள் உயர் நீதிமன்றம் என்பதற்கு எங்களிடம் மேல் நீதிமன்றம். எங்கள் உயரம் உங்கள் உச்சம்.

இப்போது எங்கள் சட்டம். நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். (நிகழ்நிலை என்றால் ஒன்லைனாம். கடைக்கு வந்த தமிழ் வாத்தியார் ஒருவருக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.) ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையெழுத்து வைத்தார். சட்டமூலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களைத் திருத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. எல்லாத் திருத்தமும் ஏறவில்லை என்று எதிர்க்கட்சி சபாநாயகர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து, மார்ச்சில் 75க்கு 117 என்று தோற்றது.

இதில் நம்மாட்கள் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில், இணையத்தில் எழுதியதற்குச் சிறை வைக்கிற 66ஏ பிரிவை, அது சட்டமாகிப் பல வருசம் கழித்து, 2015இல், உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. இங்கே அது நடக்காது. சபாநாயகர் கையெழுத்து வைத்துவிட்டால் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அரசியலமைப்பின் 80(3) அப்படித்தான் சொல்கிறது. கேட்பதற்கு இருப்பது, சட்டமூலமாக இருக்கும்போது கிடைக்கிற அந்தச் சின்ன இடைவெளி மட்டும். ஆகையால், "சட்டம் வரட்டும்" என்று கேள்வி கேட்டவர் எழுதியது சரி, பிழை என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கொழும்பில் வாய்க்காது. பிறகு என்று ஒன்று இல்லை.

அந்தச் சட்டத்தில் ஜனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் சம்மதத்தோடு நியமிக்கிற ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு உண்டு. பொய்யான கூற்று என்று பட்டால் நீக்கச் சொல்லலாம். பொதுமக்கள் அமைதியைக் கெடுக்கும் பொய் என்று வழக்குத் தீர்ந்தால் 5 வருசம் வரை சிறை. வட்ஸ்அப் பூட்டைப் பற்றி நேரே அதில் ஒன்றும் இல்லை, உண்மை. ஆனால் எழுதியவனைக் கண்டுபிடிக்காமல் 5 வருசம் யாருக்குக் கொடுப்பது? அடுத்து அந்தத் திறப்பைத்தான் கேட்பார்கள் என்பது என் ஊகம்.

2025 ஜூலை 13

புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகிற சட்டத்தரணி ஒருவர் கொப்பி எடுக்க வந்தார். அவரிடம் மேலே உள்ளதை வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு விசயம் சொன்னார். எங்கள் அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை. இந்தியாவிலும் எழுதப்படவில்லை, ஆனால் 2017இல் ஒன்பது நீதியரசர்கள் சேர்ந்து, அது உயிர்வாழும் உரிமைக்குள்ளேயே இருக்கிறது என்று தீர்த்தார்கள். இங்கே அப்படி ஒரு தீர்ப்பு வரவில்லை. இருப்பது உரோமன் டச்சுச் சட்டத்தில் வருகிற பழைய தீங்கியல் வழி: மானம் போனது என்று நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். "எத்தனை வருசம் எடுக்கும் சேர்?" என்றேன். சிரித்துக்கொண்டு மிச்சக் காசை வாங்கினார்.

2025 ஜூலை 23

இன்றைய திகதியில் இதை எழுதாமல் வேறு எதை எழுதுவது.

1983 ஜூலைக் கலவரத்தின்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர்களில் ஒருவன் கையில் கடதாசிக் கட்டு இருந்தது என்று அம்மா கடைசிவரை சொல்வார். வாக்காளர் இடாப்பு. எந்த வீடு தமிழ், எந்த வீடு சிங்களம் என்று வாசித்து வாசித்துத் தாண்டிப் போனார்கள். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் தூக்கிப் போடப்பட்டதால் எனக்குத் தெரிந்தது வேலி மட்டும்தான். இடாப்பு ஒரு தேர்தலுக்காக, நல்ல நோக்கத்தோடு, சட்டப்படி தயாரித்த பட்டியல்.

2007இல் நான் லொட்ஜ் ஒன்றில் இருந்தேன். பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் மேல் பையில். ஜூன் 7 விடியற்காலை கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. என்னை எழுப்பவில்லை. நாலு கட்டடம் தள்ளி எழுப்பினார்கள். எங்கே எந்தத் தமிழன் படுத்திருக்கிறான் என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, பதிந்தது நாங்கள்தானே.

ஒளிக்க ஒன்றும் இல்லாத ஆட்கள்தான் அந்த 376 பேரும்.

2025 ஜூலை 24

"அது கடதாசி, இது இன்டர்நெட். இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?" என்று ஒரு பெடியன்.

தம்பி, உன் அடையாள அட்டையை எடு. பழைய அட்டையென்றால் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம். 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அட்டையில் நாலு இலக்கம். அடுத்த மூன்றும் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு, ஆகவே மார்ச் 1 எந்த வருசத்திலும் 61. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். இலக்கத்தை மட்டும் தந்தால் போதும், ஆணா பெண்ணா, என்றைக்குப் பிறந்தநாள் என்று நான் சொல்வேன். கடையில் வேடிக்கைக்குச் செய்திருக்கிறேன், பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். அந்த இலக்கத்தைக் கொடுத்துத்தான் நீ சிம் வாங்கினாய். அந்த சிம்மில்தான் உன் வட்ஸ்அப். கடதாசியும் இன்டர்நெட்டும் அங்கே முடிச்சுப் போட்டாயிற்று, நான் போடவில்லை.

2025 ஜூலை 29

பிரித்தானியாவில் வயதை நிரூபித்தால்தான் சில தளங்கள் திறக்கும் என்ற விதி 25ஆம் திகதி நடைமுறைக்கு வந்ததும் விபிஎன் (தடையைத் தாண்டி வேறு நாட்டுக் கணினி வழியாக இணையம் பார்க்க உதவும்) செயலிகள் பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்கு ஏறிவிட்டனவாம். லண்டனில் இருக்கிற மச்சான் எடுத்து, "எது நல்லது?" என்கிறான். இந்த விசயத்தில் நாங்கள் சீனியர். 2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை, ஊரடங்கு. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளில் பேஸ்புக், வட்ஸ்அப், டுவிட்டர் எல்லாம் அடைத்தார்கள். அன்றைக்கு அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, தானே விபிஎன் போட்டுக்கொண்டு, இந்தத் தடையால் ஒரு பயனும் இல்லை என்று டுவிட்டரில் எழுதினார். பின்னேரத்துக்குள் தடை எடுபட்டது.

அன்று நான் செய்தது இப்போது உறுத்துகிறது. பக்கத்து வீடுகளில் பத்துப் பதினைந்து போனுக்கு இலவச விபிஎன் ஏற்றிக் கொடுத்தேன். கண்ணில் முதலில் பட்டது எதுவோ அது. யார் நடத்துகிறார்கள், எந்த நாட்டில், போகிற வருகிறதை எல்லாம் குறித்து வைக்கிறார்களா, ஒன்றும் பார்க்கவில்லை. அரசாங்கம் பார்க்கக்கூடாது என்று முகம் தெரியாதவன் கையில் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் போனில் அது இன்னும் ஓடுகிறது, போன கிழமை பார்த்து அழித்தேன்.

2025 ஓகஸ்ட் 2

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 2019 மே 13 அன்று சமூக வலைத்தளங்களை அடைத்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்கு மூன்று கிழமை கழித்து. சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற கருத்தில் ஒரு வரி எழுதினார். அதை மிரட்டல் என்று வாசித்து அடி தொடங்கி, குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அன்றிரவு என் கடைக்கு எதிரே துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நாநா ஷட்டரை இழுத்துவிட்டு என்னோடு வந்து உட்கார்ந்தார். இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஏறவில்லை. "நல்லதுக்குத்தான்" என்றார் அவர். நானும் தலையாட்டினேன்.

2018இல் கண்டிப் பக்கம் முஸ்லிம்களைத் தாக்கிய திகன கலவரத்தின்போதும் அடைத்தார்கள். அப்போது சிங்களத்தில் கொலை செய்யச் சொல்லி எழுதியதை முறையிட்டும் பேஸ்புக் கவனிக்கவில்லை. 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. ஆகவே சட்டமே வேண்டாம், கம்பனி பார்த்துக்கொள்ளும் என்கிறவர்களோடு நான் இல்லை. ஆனால் நாநாவும் நானும் தலையாட்டிய அதே ஆழியைத்தான் (சுவிட்ச்) மூன்று வருசம் கழித்து எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் கத்தியவர்கள் மீது அமுக்கினார்கள். இரண்டையும் என்னால் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

2025 ஓகஸ்ட் 3

நாநா இதை வாசித்துவிட்டு, "நான் நல்லதுக்குத்தான் என்று சொல்லவில்லை, நல்ல காலம் என்றுதான் சொன்னேன்" என்கிறார். திருத்தம்.

2025 ஓகஸ்ட் 10

பூட்டைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவன் தன் கடையில் என்ன செய்கிறான் என்று கேட்கமாட்டீர்களா? யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

கம்பஸ் போகிற பிள்ளை ஒன்று, தன் போனிலிருந்த கோப்பை பிரிண்ட் எடுக்க என் கணினியில் வட்ஸ்அப்பை இணைத்தது. சதுரக் குறியைப் போனால் படம்பிடித்தால் போதும்தானே. அவசரத்தில் வெளியேறாமல் போய்விட்டது. இரவு எட்டரை மணிக்கு நான் கணக்குப் பார்க்கும்போது திரையின் மூலையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. வெளியேற்ற எனக்கு ஐந்து விநாடி போதும். நான் ஒரு வரி வாசித்தேன். ஒன்றுதான். பிறகு வெளியேற்றினேன்.

அடுத்த நாள் சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது. "ஏதும் வாசிச்சீங்களா அண்ணா?"

இல்லை என்றேன்.

உலகத்தின் எந்தக் கணிதத்தாலும் உடைக்க முடியாத பூட்டு. என் மேசையில் திறந்து கிடந்தது. இந்த மாதிரிப் பூட்டை முனைக்கு முனை என்கிறார்கள், அந்த முனையில் நான் இருக்கிறேன்.

2025 ஓகஸ்ட் 17

நேற்றுப் பின்னேரம் காலிமுகத்திடல். பேரப்பிள்ளைக்குக் கடலை வாங்கினேன். முடிந்த பிறகு பையை விரித்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம், யாருடைய கணக்குப் பரீட்சைத் தாள் என்று பார்க்கத்தான். இது பரீட்சைத் தாள் இல்லை. வங்கிக் கடன் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம். பெயர், அடையாள அட்டை இலக்கம், சம்பளம், கையெழுத்து. இடப்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழே மயிர் போல ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். என் மெஷினின் ட்ரம்மில் ஒரு கீறல் இருக்கிறது.

கோணலாக விழுந்த கொப்பிகளை மூலைப் பெட்டியில் போடுவேன். மாதத்துக்கு ஒரு தடவை பழைய பேப்பர்க்காரர் நிறுத்து எடுத்துப் போவார். அது பையாக ஒட்டப்படும் என்பது தெரியாத விசயமா? தெரியும். யோசிக்கவில்லை.

சட்டத்தரணியிடம் சொன்னேன். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுதாக அமுலுக்கு வந்தால் நீரும் அதற்குள் வருவீர், ஒரு மீறலுக்கு 10 மில்லியன் ரூபா வரை தண்டம் உண்டு என்றார். "வந்தால்" என்பதைத்தான் அழுத்திச் சொன்னார். அது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். இந்த வருசம் மார்ச் 18இல் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின. வாயை மூடும் சட்டமும் 9ஆம் இலக்கம், கடதாசியைக் காக்கும் சட்டமும் 9ஆம் இலக்கம். இரண்டு வருசம் பிந்திப் பிறந்த தம்பி ஓடிக்கொண்டிருக்கிறான், அண்ணன் இன்னும் தவழ்கிறான்.

2025 ஓகஸ்ட் 20

முதல் நாள் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "நல்ல அரசாங்கத்திடம் மட்டும் திறப்பு இருந்தால்?" என்கிறார்.

அமெரிக்கா 1994இல் ஒரு சட்டம் போட்டது: தொலைபேசிக் கம்பனிகள் பொலிஸ் ஒட்டுக் கேட்க வசதி வைத்திருக்கவேண்டும். நீதிமன்றக் கட்டளை, முத்திரை எல்லாம் உண்டு. 2024இல் பார்த்தால் சீன ஊடுருவலாளர்கள் அந்தக் கம்பனிகளுக்குள் புகுந்து, அதே ஒட்டுக் கேட்கும் அமைப்புகள் வரை கை வைத்திருந்தார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகளே மக்களிடம், மறைகுறியாக்கம் உள்ள செயலிகளில் பேசுங்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. அதே நாட்டின் எஃப்பிஐ 2016இல் ஒரு போனைத் திறந்து தரச் சொல்லி ஆப்பிளோடு மல்லுக்கட்டியது ஞாபகம் இருக்கும்.

பிரித்தானியாவும் அப்படித்தான். ஆப்பிளிடம் இரகசியக் கட்டளையால் திறப்புக் கேட்டது. பெப்ரவரியில் ஆப்பிள், ஐகிளவுட் சேமிப்புக்கு விரும்பியவர் போடக்கூடிய கூடுதல் பூட்டையே அங்கே கழற்றியது. பிரித்தானியா கைவிடச் சம்மதித்துவிட்டது என்று நேற்று அமெரிக்கத் தேசியப் புலனாய்வுப் பணிப்பாளர் துள்சி கபார்ட் அறிவித்திருக்கிறார். மச்சானின் போனில் பூட்டு இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டுப் பார்த்தேன்.

2025 ஓகஸ்ட் 24

கோட்டைப் பக்கம் போய்க் கடதாசி வெட்டும் மெஷின் ஒன்று வாங்கி வந்தேன். மூலைப் பெட்டி முழுவதையும் கீறலாக்க ஒன்றரை மணித்தியாலம். கணினியில் "வட்ஸ்அப்பிலிருந்து வெளியேறினீர்களா?" என்று மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறேன். சிங்களத்தில் எழுத்துப் பிழையாம், நாநா திருத்தினார்.

பழைய பேப்பர்க்காரர் வந்து சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு எடுக்கமாட்டேன் என்றார். பை ஒட்ட முடியாதாம். "முதலாளிக்கு என்ன நடந்தது, நல்ல தாளெல்லாம் இப்படி..." என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சாக்கு வாசலிலேயே கிடந்தது. மத்தியானம் சந்தியில் முட்டை விற்கிறவர் கேட்டார், தட்டுக்குள் போடுவதற்கு. தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன்.